செத்த குடுவைகள் முதலில்

ஜூன் 9, திங்கள்

தொழிற்பொறியியல் துறையிலிருந்து ஜெசிந்தா என்றொரு பெண் வந்து ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனாள். வேலை செய்கிற இடம் உடம்பை என்ன பாடு படுத்துகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். தினமும் தேதி போட்டு, என்ன வேலை செய்தோம், எங்கே வலித்தது என்று எழுத வேண்டுமாம்.

"உங்களுக்கு எங்கயாவது வலி உண்டாக்கா?" என்று கேட்டாள். நாகர்கோவில் பேச்சு.

"வேலை நேரத்துல வந்து கேள்வி கேக்கறவங்களாலதான் வலி" என்றேன். சிரித்துக்கொண்டே அதையும் குறித்துக்கொண்டாள்.

சரி, எழுதித் தொலைப்போம். வலி: இல்லை.

வேலை: நான் யசோதா, நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாகத் தொழில்நுட்ப உதவியாளர். இப்போது நடப்பது வண்டிக்காரத் தெரு வேலை. அங்கே மூடிப்போன ஒரு லாரி ஷெட்டின் நிலத்தடித் தொட்டியிலிருந்து டீசல் கசிந்து தெருக் கிணறுகளில் இறங்கிவிட்டது. மாநகராட்சி லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறது. பேராசிரியர் நாச்சிமுத்து அந்த ஷெட் மண்ணிலிருந்தே டீசல் தின்னும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறார். காலையில் உள்ளே வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "பசங்க சாப்பிட்டாங்களா?" சொந்தப் பேரன்களைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரித்து நான் கேட்டதில்லை.

பசங்கள் நன்றாகத் தின்கிறார்கள் என்று நாங்கள் அறிக்கை கொடுத்தால் அவர்களை அந்த மண்ணில் இறக்குவார்கள். அடுத்த ஆறு வாரத்தில் தண்ணீர் லாரியை நிறுத்திவிடுவார்கள். அதனால் நாங்கள் சொல்லும் கணக்கைத்தான் அந்தத் தெரு குடிக்கப்போகிறது.

ஜூன் 11, புதன்

இன்று முதல் மாதிரி எடுத்தேன். இனி ஒவ்வொரு புதனும் இதே வேலை.

பாதிக் குடுவைகளில் மண்கூழ், டீசல், பசங்கள். மீதியில் அதே கூழ், அதே டீசல். ஆனால் பசங்களை வேகவைத்துக் கொன்றது. அவற்றைச் செத்த குடுவை என்போம். செத்த குடுவையில் டீசல் அப்படியே இருந்து, உயிருள்ளதில் குறைந்தால்தான் பசங்கள் தின்றதாக அர்த்தம்.

எப்போதும் செத்த குடுவைகள் முதலில். உயிருள்ளதைத் தொட்டுவிட்டு அங்கே போனால் ஒன்றிரண்டு பேர் கூடவே போய்க் குடியேறிவிடுவார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. வாய் வலியைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஜெசிந்தாவைக் கேட்க வேண்டும்.

காலையில் செத்தது, மத்தியானம் உயிருள்ளது. நாள் முழுக்கப் பிப்பெட், கூழை உறிஞ்சிக் குழாயில் விடும் கருவி. அதன் பொத்தான் கட்டைவிரலுக்கு இரண்டு படி இறங்கும். முதல் படியில் கூழ் வெளியே வரும். இரண்டாம் படி வரை அழுத்தினால்தான், மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் நுனியில் தங்கிய கடைசிச் சொட்டும் விழும். எங்களிடம் இருப்பது பழைய பிப்பெட், ஸ்பிரிங் கல்லு மாதிரி.

வலி: இல்லை.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடம் கிளம்பும்போது மகள் நேத்ரா வழக்கம்போல் சீப்போடு வந்து முன்னால் உட்கார்ந்தாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு இன்னும் நான்தான் இரட்டைச் சடை பின்ன வேண்டுமா, நீயே பழகிக்கொள் என்று சொல்லிவிட்டேன். அழாத குறையாக ஒற்றைச் சடையோடு போனாள். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வர வேண்டாமா?

ஜூன் 18, புதன்

உயிருள்ள குடுவைகளில் டீசல் பதினான்கு சதவீதம் குறைந்திருக்கிறது. செத்ததில் ஒன்றரை. அது ஆவியாகப் போயிருக்கும்.

நாச்சிமுத்து சார் வரைபடத் தாளை வாங்கிக் கண்ணாடிக்கு மேலே, கீழே எல்லாம் வைத்துப் பார்த்தார். "யசோதா கை பட்டா கோடு ஆடாதும்மா" என்றார். இதை அவர் வருடத்துக்கு ஒரு தடவை சொல்வார். அந்த ஒரு தடவை போதும் எனக்கு.

ஜூன் 20, வெள்ளி

ஜெசிந்தா என் மணிக்கட்டிலும் கட்டைவிரலிலும் பொட்டு மாதிரி வெள்ளை ஸ்டிக்கர்களை ஒட்டி, எதிரே கேமராவை நிறுத்தினாள். கல்யாண வீடியோவுக்குக்கூட நான் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

என் காலுக்கடியில் இருந்த பலகையைப் பார்த்துவிட்டு, "இது எதுக்குக்கா?" என்றாள். வேலை மேசை எனக்கு உயரம். சேர்ந்த வருடமே வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டேன். அதைச் சொன்னேன்.

"பத்தொம்பது வருசமாவா? மேசைய ஒரு சாண் அறுத்தா போதுமே."

"மேசை கவர்மெண்டு சொத்து கண்ணு. நான் அறுத்தா என்னை அறுத்துப்போடுவாங்க."

விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல பெண்தான். ஆனால் சிரித்து முடித்துவிட்டு என் கட்டைவிரலையே பார்த்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

முப்பத்தொரு சதவீதம். வலி இல்லை. தூங்கும்போது வலது கை அடியில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இன்று எழுத நேரமில்லை.

ஜூன் 27, வெள்ளி

வண்டிக்காரத் தெருவுக்குப் போய்க் கிணற்று நீர் எடுத்து வந்தோம். எப்போதும் ராமாத்தாள் அம்மா வீட்டுக் கிணற்றில்தான் எடுப்போம். வாளி மேலே வந்ததும் பெட்ரோல் பங்க் வாசம். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஆடை.

"வா அம்மிணி, வெயில்ல நிக்காதே" என்று உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். "பயப்படாதே, லாரித் தண்ணியிலதான் கரைச்சேன்."

வாசலில் நீல டிரம் நான்கு நிற்கிறது. லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வராத நாளில் டிரம்தான். மருமகள் பிரசவத்துக்கு அம்மா வீடு போனவள், பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் திரும்பி வரவில்லை. இந்தத் தண்ணீரில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட முடியாது என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

"அவீக சொல்றதும் நாயந்தானே? நான் பேத்திய போன்லதான் பாக்கறேன். உன்ற மருந்து எப்பொ வரும்?"

"மருந்தில்லீங்கம்மா, பூச்சி மாதிரி. கண்ணுக்குத் தெரியாதுங்க."

"எதோ ஒண்ணு. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, அன்னிக்கே போய்ப் புள்ளைய தூக்கியாந்துருவேன்."

கிளம்பும்போது வாளியை இடது கையில் வாங்கிக்கொண்டேன். வலது கையில் பை இருந்தது.

ஜூலை 2, புதன்

நாற்பத்தொன்பது. சார் வாய்விட்டுச் சிரித்தார். இதுவரை எந்தக் கூட்டமும் இந்த வேகத்தில் தின்று அவர் பார்த்ததில்லையாம். வாராவாரம் பசி கூடுகிறது என்றார்.

காலையில் செத்த குடுவைகள் சுகமாக முடிந்தன. மத்தியானம் கொஞ்சம் மெதுவாகப் போனது. வயசு நாற்பத்து மூன்று ஆகிறது, மெதுவாகப் போனால் என்ன?

ஜெசிந்தா மறுபடி கேட்டாள். இல்லை என்றேன். ஏன் இல்லை என்கிறேன் என்று இங்கே எழுதலாம், இந்த நோட்டை நான் அவளிடம் கொடுக்கப்போவதில்லை. எங்கள் ஆய்வகத்தில் விஜயா என்று ஒருத்தி இருந்தாள். மணிக்கட்டு வலிக்கிறது என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னாள். பாவம், ஓய்வாக இருக்கட்டும் என்று பாட்டில் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான், நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அவள் அங்கேயே இருந்து ரிட்டயர் ஆனாள். நான் பாட்டில் அடுக்க மாட்டேன்.

தோசை திருப்ப இடது கை நன்றாகவே பழகிவிட்டது.

ஜூலை 9, புதன்

அறுபத்தெட்டு சதவீதம்!

சார் மைசூர்பா வாங்கிவரச் சொன்னார். எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். நான் இடது கையைக் கொடுத்தேன், வலது கையில் மைசூர்பா நெய் என்று சொல்லி. சார் நீட்டிய டீ டம்ளரை வாங்கும்போது அது நழுவித் தரையில் விழுந்தது. "நெய்க் கை சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

அறிக்கை இன்றே மாநகராட்சிக்குப் போயிற்று. இருபத்தொன்றாம் தேதி வண்டிக்காரத் தெருவிலேயே கூட்டம். பொறியாளர் வந்து லாரி எந்தத் தேதியோடு நிற்கும் என்று அறிவிப்பார். செப்டம்பரில் சார் ஓய்வு பெறுகிறார். போகிற நேரத்தில் அவருக்கு இது பெரிய விஷயம். சந்தோஷமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

சட்டைப் பட்டன் போட முடியவில்லை. பட்டன் சின்னது.

ஜூலை 14, திங்கள்

ஜெசிந்தா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கணினியில் வீடியோவை ஓட்டினாள். போன புதன்கிழமை எடுத்தது. மிக மெதுவாக ஓடுகிறது. என் கை மட்டும் பெரிதாக, யாரோ ஒருத்தியின் கை மாதிரி.

"இது காலையில. கட்டைவிரல் கீழ வரைக்கும் போவுது, பாத்தியளா? இது மத்தியானம்."

மத்தியானம் விரல் பாதியில் நின்றது. ஒவ்வொரு தடவையும் முதல் படியைத் தாண்டியதும் நின்று, நடுங்கி, மேலே வந்துவிட்டது. இரண்டாம் படிக்குப் போகவே இல்லை.

"விரல் தானாவே தந்திரம் பண்ணுதுக்கா. வலிக்கிற இடத்துக்கு முன்னாடியே நின்னுருது. ஒங்களுக்கே தெரிஞ்சிருக்காது. ஜூன்ல எடுத்ததுல இவ்வளவு இல்ல. வாராவாரம் கூடிட்டே வருது. தயவுசெஞ்சு டாக்டரப் பாருங்க. நரம்பு போயிட்டா திரும்பாது."

அவளுக்குத் தெரிந்தது விரலைப் பற்றி மட்டும். எண்ணெய் மிதக்கும். உறிஞ்சிய கூழ் பிப்பெட் நுனிக்குள் நிற்கிற அந்த நொடியில் டீசல் மேலே ஏறிக்கொள்ளும். மேலே இருப்பதுதான் கடைசியாக வெளியே வரும். அந்தக் கடைசிச் சொட்டைத்தான் மத்தியானம் மத்தியானம் நான் நுனியோடு குப்பைக்கூடையில் போட்டிருக்கிறேன். மத்தியானம் எடுப்பது உயிருள்ள குடுவைகள்.

இல்லை, அவ்வளவு இருக்காது. ஒரு சொட்டுதானே!

ஜூலை 16, புதன்

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக வரிசையை மாற்றினேன். காலையில் உயிருள்ளவை, மத்தியானம் செத்தவை. யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் விரலைக் கடைசிப் படி வரை பிடித்து அழுத்தினேன். மத்தியானம் எப்போதும்போல் விட்டேன். அது தன் இஷ்டத்துக்குப் போனது.

போன வாரம் பசங்கள் தின்றது அறுபத்தெட்டு. இன்று முப்பது. தின்றதைக் கக்கி வைத்த மாதிரி.

செத்த குடுவைகளில் டீசல் முப்பத்தாறு சதவீதம் குறைந்திருக்கிறது. அதற்குள் ஒரு பூச்சிகூட இல்லை. செத்தது எப்படித் தின்னும்?

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சார் கேட்பதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

லீவு. நேத்ராவுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். தலைவலி என்று சார் வீட்டுக்குச் சொல்லியாயிற்று.

முப்பது சதவீதமும் சும்மா இல்லை, பசங்கள் உண்மையாகவே தின்கிறார்கள். மெதுவாகத் தின்கிறார்கள், அவ்வளவுதான். மண்ணில் போட்டால் வேகம் கூடலாம். மறுபடி யாரும் சரிபார்க்கப்போவதில்லை. சார் மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம். நான் யாருக்கும் தெரியாமல் விரலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சரியாகி... இப்படி எல்லாம் யோசித்தேன். எழுதிவைக்கிறேன், யோசித்தது யோசித்ததுதான்.

சாயங்காலம் ராமாத்தாள் அம்மா போன் பண்ணினார். கூட்டத்துக்கு எல்லோரையும் வரச் சொல்லி மைக்கில் அறிவித்துப் போனார்களாம்.

"அம்மிணி, டிரம் மூணை வித்துப்போட்டேன். வாசலையே அடைச்சுட்டுக் கெடந்துது. தொட்டில் கட்ட உத்தரத்துல கொக்கியும் போட்டாச்சு. ஆவணி பொறந்ததும் புள்ளைய தூக்கியாரலாமுங்களா? நீ சொன்னாத்தான் போவேன்."

"திங்கக்கெழம சொல்றனுங்க" என்றேன்.

"ஏன், ஒடம்பு சொகமில்லியா? குரலு ஒரு மாதிரி கெடக்குது?"

போனை வைத்துவிட்டு அழுதேன். கை வலித்தது, அதற்கும் சேர்த்து.

ஜூலை 18, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சார் முதலில் நம்பவில்லை. "காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு பேசாதீங்க யசோதா. எந்தக் குடுவைய எதோட மாத்துனீங்க?" என்றார். ஜெசிந்தாவிடம் வாங்கிவந்த வீடியோவைக் காட்டினேன். என் கையை அவர் மேசைமேல் வைத்துக் காட்டினேன். கட்டைவிரலடிச் சதை வற்றிப் பள்ளம் விழுந்து கிடப்பதை நானே அப்போதுதான் வெளிச்சத்தில் சரியாகப் பார்த்தேன்.

அவர் எழுந்துபோய் ஆய்வகக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டார். பல வருடமாக அவர் பிப்பெட்டைத் தொட்டதில்லை. என் மணைப்பலகையைக் காலால் தள்ளிவிட்டு நின்று, காலையில் உயிருள்ளவை, மத்தியானம் செத்தவை, எல்லாவற்றையும் தன் கையாலேயே எடுத்தார். சாப்பிடப் போகவில்லை. நான் பக்கத்தில் நின்று நுனி மாற்றிக் கொடுத்தேன்.

அவர் கையில் செத்தது ஒன்றரை. உயிருள்ளது இருபத்தொன்பது.

கையுறையைக் கழற்றி எறிந்தார். "ஏம்மா, ஒரு வார்த்தை! கை வலிக்குதுங்க சார்னு ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வாய்ல என்ன, கொழுக்கட்டையா?" சத்தம் வராந்தா வரை கேட்டிருக்கும்.

"சொன்னா பாட்டில் ரூமுக்கு அனுப்பிப்போடுவீங்க சார்."

விஜயாவை மாற்றிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். எறிந்த கையுறையைக் குனிந்து எடுத்துக் கூடையில் போட்டார். பிறகு, "லாரிய நிறுத்தலாம்னு எழுதிக் கொடுத்தது நானு. திங்கக்கெழம நானே போய்ச் சொல்றேன். நீங்க டாக்டர்கிட்டப் போங்க" என்றார்.

"நானும் வர்றேன் சார்" என்றேன்.

ஜூலை 21, திங்கள்

ஷெட்டுக்கு எதிரே சாமியானா போட்டிருந்தார்கள். எனக்குக் கையில் கட்டு. சார் எழுந்து, அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம், அளவீட்டில் பிழை நேர்ந்துவிட்டது என்றார். பொறியாளர், "அறிக்கையில வேற சொன்னீங்களே சார்?" என்றார். தெருவே முணுமுணுத்தது. அளவீடு, பிழை என்றால் யாருக்குப் புரியும்?

நான் எழுந்தேன். "பூச்சிமேல தப்பில்லீங்க, சார்மேலயும் தப்பில்லீங்க. அளந்தது என்ற கை. கைக்கு முடியல, நான் அதைச் சொல்லாம மறைச்சுப்போட்டேன். டீசலு குப்பைக்குப் போயிருக்குது, நாங்க பூச்சி தின்னுருச்சுன்னு எழுதிட்டோம். நெசத்துல அது தின்னது இதுல பாதிகூட இல்லீங்க. கெணத்துத் தண்ணிய இப்போதைக்குத் தொடாதீங்க, லாரிய நிறுத்த உடாதீங்க."

முன்வரிசையில் ராமாத்தாள் அம்மா உட்கார்ந்திருந்தார். "நான் டிரம்மை வித்துப்போட்டேனே அம்மிணி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

லாரி நிற்காது என்று பொறியாளர் எழுதிக்கொண்டார். கூட்டம் கலைந்தபோது அந்த அம்மா என் கட்டுப் போட்ட கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இத்தன நோவை வெச்சுக்கிட்டு எதுக்குடி வாயத் தொறக்காம இருந்தே? இப்பொ எங்களுக்கும் சேத்து வலிக்குதே" என்றார். பிறகு மருமகளுக்குப் போன் போட்டார். "அவசரமில்ல கண்ணு, புள்ள அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

இதை இடது கையால் எழுதுகிறேன். நேத்ராதான் எழுத்தைப் பார்த்து ஒன்றாம் வகுப்பு என்கிறாள். இரட்டைச் சடை அவளே பின்னிக்கொள்கிறாள், கோணல்தான்.

மணிக்கட்டில் அறுவை முடிந்துவிட்டது. உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

ஜெசிந்தா மேசையை ஒரு சாண் அறுக்க வைத்துவிட்டாள். விரல் வலிக்காத புதுப் பிப்பெட் இரண்டு வந்திருக்கிறது. ஒருவரே நாள் முழுக்க எடுக்கக் கூடாது. ஆள் மாற்றி, வரிசை மாற்றி எடுக்க வேண்டும் என்று சார் சட்டம் போட்டிருக்கிறார். என்னைப் பாட்டில் அறைக்கு அனுப்பவில்லை. நான் மற்றவர்களுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர்கள் விரலைப் பார்க்கிறேன். பாதியில் நின்றால் மறுபடி எடுக்கச் சொல்கிறேன். எல்லோருக்கும் என்மேல் எரிச்சல்.

புதிதாகத் தொடங்கிய குடுவைகளில் இன்று நாலாவது வாரம். இந்த நோட்டை நாளை ஜெசிந்தாவிடம் கொடுத்துவிடுவேன், இல்லை, இல்லை என்று எழுதியதை எல்லாம் அடிக்காமல் அப்படியே. வலி: இருக்கிறது. ஜூன் ஒன்பதாம் தேதியே இருந்தது.

சாயங்காலம் சார் வந்தார். கதவருகிலேயே நின்றார்.

"பசங்க சாப்பிட்டாங்களா?"

"கொஞ்சம் சாப்பிட்டாங்க சார்."

"செத்தது?"

"தொடவே இல்லீங்க சார்."